நோயாளியின் கதிர்வீச்சு அளவை எதைக் கொண்டு அளப்பது? டி.எல்.டி. முதல் மென்பொருள் வரை

நடுத்தர மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சி.டி. ஸ்கேன், இரண்டு எக்ஸ்ரே அறைகள், வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகும் மொபைல் எக்ஸ்ரே ஒன்று, அறுவை அரங்கில் நேரலையாக எக்ஸ்ரே காட்டும் ஒரு சி-ஆர்ம், இதயப் பிரிவில் ஆஞ்சியோ எடுக்கும் ஒரு கேத் லேப். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் இப்படிப்பட்ட மருத்துவமனையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தர அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் வேளை வந்ததும் நிர்வாகக் கூட்டத்தில் யாராவது கேட்கிறார்கள்: ஊழியர்களுக்குக் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வருகிறது; நோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு போகிறது என்று நம்மிடம் கணக்கு இருக்கிறதா? அடுத்த வாரமே கொட்டேஷன்கள் மேசைக்கு வந்துவிடும். ஒருவர் டோஸ் (உடலுக்குப் போகும் கதிர்வீச்சு அளவு) மேலாண்மை மென்பொருள் விற்கிறார். இன்னொருவர் எக்ஸ்ரே குழாயின் வாயில் மாட்டி அளக்கும் டி.ஏ.பி. மீட்டர் விற்கிறார். ஆலோசனைக்கு வந்த பேராசிரியர், தோலில் ஒட்டி அளக்கும் டி.எல்.டி. சில்லுகளைத் தவிர எதையும் நம்பாதீர்கள் என்கிறார். மூவர் சொல்வதும் பொய்யில்லை. மூவரும் வெவ்வேறு பொருளை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எதையும் வாங்க வேண்டாம். உங்கள் இயந்திரங்களில் பாதி ஏற்கெனவே எண்களைக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்கும் பழக்கம் வந்த பிறகு எந்த அறையில் எண்ணே இல்லை, எந்த அறையில் இருக்கும் எண் போதவில்லை என்பது தெரிந்துவிடும். பணத்தை அங்கே போடலாம்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் எதற்காக அளக்கிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிலைத்து நிற்கும் காரணங்கள் மூன்று. முதலாவது, நம் அறையில் ஒரு சராசரி நோயாளிக்குப் போகும் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகமா என்று பார்ப்பது. இதற்கான ஒப்பீட்டு அளவைத்தான் டி.ஆர்.எல். என்கிறார்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1996இல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2017இல் வந்த அதன் 135ஆம் வெளியீடு முழுக்க முழுக்க இதைப் பற்றியதே. இது தனி நோயாளி ஒருவருக்கான வரம்பு கிடையாது. ஒரே பரிசோதனைக்கு வந்த குறைந்தது 20 பேரின் எண்களை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டாவது காரணம், கேத் லேப் போன்ற இடங்களில் குறிப்பிட்ட ஒருவரின் தோல் புண்ணாகுமா என்று தெரிந்துகொள்வது. மூன்றாவது, பின்னால் எழக்கூடிய கேள்விக்குப் பதில் வைத்திருப்பது: வயிற்றில் சி.டி. எடுத்த பெண், தான் அப்போதே கர்ப்பமாக இருந்ததாகப் பத்து நாள் கழித்து வந்து சொன்னால் என்ன செய்வது? முதல் காரணத்துக்குத் துல்லியம் அவ்வளவு தேவையில்லை, தொடர்ச்சி தேவை. இரண்டாவதற்கு உடனடித்தன்மை தேவை. மூன்றாவதற்குப் பதிவேடு தேவை. இந்த மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று யார் சொன்னாலும் ஐயப்படுங்கள்.

சி.டி.: திரையில் இருக்கும் இரண்டு எண்கள்

மருத்துவப் படமெடுப்பில் நோயாளிகளுக்குச் சேரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு சி.டி. தருவது என்பதால் இங்கேதான் தொடங்க வேண்டும். இங்கே கருவி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேன் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று சி.டி.டி.ஐ.வால், அதாவது ஸ்கேனின் கதிர்வீச்சுச் செறிவு, மில்லிகிரேயில் (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு கிரே; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மற்றது டி.எல்.பி., அதாவது முதல் எண்ணை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது, மில்லிகிரே சென்டிமீட்டரில்.

சி.டி.டி.ஐ.வால் நோயாளியின் டோஸ் கிடையாது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அது 16 அல்லது 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளைக்குள், 100 மி.மீ. நீளமுள்ள பென்சில் போன்ற அளவீட்டுக் கருவியை (அயனியாக்க அறை) வைத்து அளந்த எண். ஜவுளிக்கடை பொம்மைக்கு அளவெடுத்த சட்டை போல. உங்கள் நோயாளி அந்தப் பொம்மையைவிட ஒல்லியாக இருந்தால் கணக்கு மாறும். முன்பின் தடிமன் 20 செ.மீ., பக்கவாட்டு அகலம் 29 செ.மீ. உள்ள ஒருவரைப் பாருங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 24 செ.மீ. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011இல் வெளியிட்ட 204ஆம் அறிக்கையின்படி, 32 செ.மீ. உருளைக்கான எண்ணை இவருக்கு 1.53ஆல் பெருக்க வேண்டும். திரை 10 மில்லிகிரே என்று காட்டினால் அவர் வாங்கியது 15 மில்லிகிரேக்குப் பக்கத்தில். 12 செ.மீ. விட்டமுள்ள குழந்தைக்குப் பெருக்கெண் 2.38. நம் ஊர் உடல்வாகுக்கு இந்தத் திருத்தம் சின்ன விஷயமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. சில நிறுவனங்களின் இயந்திரங்கள் குழந்தையின் வயிற்று ஸ்கேனுக்கு 16 செ.மீ. உருளையின் எண்ணைக் காட்டும். சில 32 செ.மீ. உருளையின் எண்ணைக் காட்டும். ஒரே கதிர்வீச்சுக்கு இரண்டு எண்களும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசப்படும். பதிவேட்டில் எந்த உருளை என்ற பத்தி இல்லாவிட்டால் பக்கத்து மருத்துவமனையோடு ஒப்பிடுவது வீண்.

டி.எல்.பி.யின் பலம் வேறு. வயிற்று ஸ்கேனில் சி.டி.டி.ஐ.வால் 10, நீளம் 45 செ.மீ. என்றால் டி.எல்.பி. 450. அதையே மருந்து செலுத்தும் முன், தமனிக் கட்டம், சிரைக் கட்டம் என்று மூன்று முறை எடுத்தால் 1,350. சி.டி.டி.ஐ.வால் மூன்று முறையும் அதே 10தான். சிறுநீரகக் கல்லுக்காக வந்தவருக்கும் பழக்கத்தின் காரணமாக மூன்று கட்டமும் எடுக்கும் மையத்தை டி.எல்.பி. ஒரே வாரத்தில் காட்டிக் கொடுத்துவிடும். நான் பார்த்தவரை ஒரு மையத்தில் டோஸைச் சட்டென்று குறைப்பது தேவையற்ற கட்டங்களை நிறுத்துவதுதான். புதிய மென்பொருளும் நவீன டிடெக்டரும் அதற்கு அப்புறம்தான்.

ஒப்பிட எண் வேண்டுமே என்றால், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி தன் அங்கீகாரத் திட்டத்தில் வயது வந்தோரின் தலைக்கு 75, வயிற்றுக்கு 25 மில்லிகிரே என்று சி.டி.டி.ஐ.வால் ஒப்பீட்டு அளவு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருக்கிறோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். அவை பருமனான உடல்களுக்கான எண்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு சி.டி. மையங்களில் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமான அளவுகோல். இயந்திரங்கள் அதற்குப் பிறகு மாறிவிட்டன என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

திரையில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பக்கவாதம் என்று ஐயப்பட்டு மூளை இரத்த ஓட்ட சி.டி. எடுத்த 206 பேருக்கு, 2008 பிப்ரவரியிலிருந்து 18 மாத காலம், எதிர்பார்த்ததைப் போல எட்டு மடங்கு கதிர்வீச்சு போனது. தலைக்கு அதிகபட்சம் அரை கிரே போக வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே. 2009 ஆகஸ்டில் ஒரு நோயாளி, முடி கொட்டுகிறது என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பின் கலிஃபோர்னியா சட்டமே இயற்றியது: 2012 ஜூலை 1 முதல் சி.டி. டோஸைப் பதிவு செய்தாக வேண்டும். அங்கே அளக்கும் கருவிக்குப் பஞ்சமில்லை. இந்த ஒரு சம்பவத்துக்காகவே, மென்பொருள் வாங்க இருக்கும் பணத்தைவிட, ஸ்கேன் பொத்தானை அழுத்துமுன் எண்ணைப் பார்க்கும் ரேடியோகிராபரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாதாரண எக்ஸ்ரே: ஒட்டுவதா, கணக்கிடுவதா, மாட்டுவதா?

இங்கேதான் மூன்று வழிகளும் உண்மையாகப் போட்டியிடுகின்றன.

டி.எல்.டி. சில்லு என்பது, பட்ட கதிர்வீச்சைச் சேமித்து வைத்துச் சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடும் லித்தியம் ஃபுளோரைடால் ஆன, ஏறத்தாழ 3 மி.மீ. சதுரமும் ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமனும் உள்ள துண்டு. மனிதத் திசுவைப் போலவே கதிர்வீச்சை ஏற்கும், படத்திலும் அநேகமாகத் தெரியாது. தோலில் ஒட்டினால் நேரடியாக விழும் கதிரோடு உடலுக்குள்ளிருந்து பின்சிதறி வருவதையும் சேர்த்தே அளந்துவிடும். கணக்கு, ஊகம் எதுவும் இல்லை. அந்த நோயாளியின் அந்தத் தோலில் பட்டதே எண்ணாக வருகிறது. பேராசிரியருக்கு அதன்மேல் இருக்கும் பற்று எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் சில்லை 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கிப் பழைய நினைவை அழிக்க வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் தனித் திருத்த எண் உண்டு. இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் ஒளி உமிழ்வைக் கெடுக்கும். படிக்க ஒரு ரீடர், ஒப்பிட ஒரு பின்னணிச் சில்லு. நெஞ்சு எக்ஸ்ரேயில் தோலுக்குப் போவது 0.1, 0.2 மில்லிகிரே என்ற அளவே. சாதாரணச் சில்லுக்கு அது பின்னணி இரைச்சலுக்குச் சற்று மேலே. போதாக்குறைக்குப் படம் எடுக்கும் அவசரத்தில் சில்லு கதிர்ப்புலத்துக்கு வெளியே நகர்ந்துவிட்டால் அன்றைய எண் குப்பை. முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக்கு அருமையான கருவி. தினம் இருநூறு படம் எடுக்கும் அறைக்கு உதவாது.

இதை ஒட்டி ஓர் எச்சரிக்கை. "நம்மிடம்தான் ஊழியர் பேட்ஜ் இருக்கிறதே, அதில் ஒன்றை நோயாளிக்கு மாட்டிப் பார்க்கலாமே" என்ற யோசனை பல இடங்களில் எழுகிறது. கூடவே கூடாது. இந்தியாவில் ஊழியர்கள் அணியும் பேட்ஜில் இருப்பது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட், டெஃப்லானில் பதித்த மூன்று வட்டுகள். கால்சியம் இருப்பதால் குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களுக்கு அது பல மடங்கு மிகையாகத் துலங்கும்; அதைச் சரிக்கட்டத்தான் வட்டுகளுக்கு மேலே உலோக, பிளாஸ்டிக் வடிகட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஊழியரின் உடலில் பட்ட டோஸைக் கணிக்க அமைந்த ஏற்பாடு அது. நேர்க்கதிரில் படுத்திருக்கும் நோயாளிக்குப் பொருந்தாது. தவிர, அந்த எண் பேட்ஜுக்குரிய ஊழியரின் ஆயுள் கணக்கில் ஏறிவிடும். அளவு மீறியிருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு விளக்கம் எழுத வேண்டியவர் அந்த அப்பாவி ஊழியர்.

இரண்டாவது வழி கணக்கு. இதை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன், காரணம் இதற்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தரச் சோதனையின் அறிக்கையை எடுங்கள். அதில் இன்ன கே.வி.யில் (குழாயின் மின்னழுத்தம்), இன்ன தூரத்தில், ஒரு எம்.ஏ.எஸ்.க்கு (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) இத்தனை மில்லிகிரே என்று குழாயின் வெளியீடு இருக்கும். உதாரணமாக 80 கே.வி.யில் ஒரு மீட்டர் தூரத்தில் 0.06 மில்லிகிரே என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு முதுகெலும்புக்கு முன்பின் படம், 80 கே.வி., 40 எம்.ஏ.எஸ்., குழாய்க்கும் டிடெக்டருக்கும் 100 செ.மீ. நோயாளியின் தடிமன் 22, மேசை இடைவெளி 5 என்றால் குழாயிலிருந்து தோல் 73 செ.மீ.யில் இருக்கிறது. 0.06ஐ 40ஆல் பெருக்கினால் 2.4. தூரத்தின் வர்க்கத்துக்குத் திருத்தினால், 100ஐ 73ஆல் வகுத்து வர்க்கப்படுத்த 1.88, ஆக 4.5 மில்லிகிரே. பின்சிதறலுக்கு 1.35ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.1. சர்வதேச அணுசக்தி முகமை 1996இல் ஃபில்ம் காலத்துக்காகத் தந்த வழிகாட்டு அளவு இந்தப் படத்துக்கு 10 மில்லிகிரே. டிஜிட்டல் அறை அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

ஒரு எக்ஸெல் தாளில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுவிட்டால் மிச்சம் வெறும் தட்டச்சு. பலவீனம் எங்கே என்றால், உள்ளே போடும் எண்களில். தடிமனை ரேடியோகிராபர் கண்மதிப்பில் எழுதினால் தோலின் தூரம் தவறும். தானியங்கி எக்ஸ்போஷர் கட்டுப்பாடு உள்ள அறையில், படம் எடுத்த பின் உண்மையில் எத்தனை எம்.ஏ.எஸ். போனது என்பதைப் பார்த்து எழுத வேண்டும். முன்கூட்டி அமைத்த எண்ணை எழுதிப் பயனில்லை. குழாய் மாற்றினால் பழைய வெளியீட்டு எண் செல்லாது. இவற்றைக் கவனித்தால் 20, 25 சதவீதப் பிழைக்குள் நிற்கலாம். டி.ஆர்.எல். ஒப்பீட்டுக்கு அது தாராளம்.

மூன்றாவது, டி.ஏ.பி. மீட்டர். கதிர்க்கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கோலிமேட்டரின் வாயில் மாட்டும் ஒளி ஊடுருவும் தட்டையான அயனியாக்க அறை அது. டோஸையும் கதிர்ப்புலத்தின் பரப்பையும் பெருக்கிய எண்ணைத் தரும். தூரம் போகப் போக டோஸ் குறையும், அதே விகிதத்தில் பரப்பு விரியும். எனவே எங்கே அளந்தாலும் அதே எண். நோயாளியைத் தொட வேண்டாம், ஒட்ட வேண்டாம். இதற்கு மட்டும் உள்ள ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நெஞ்சுப் படத்துக்குக் கோலிமேட்டரைத் திறந்துவிட்டு வயிறு, இடுப்பு, பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கை எல்லாம் சேர்த்து எடுக்கும் வழக்கம் எத்தனை இடங்களில் இருக்கிறது! தோலில் ஒட்டிய டி.எல்.டி.க்கு அது தெரியாது, கணக்குக்கும் தெரியாது, இரண்டும் ஒரு புள்ளியின் டோஸைத்தான் சொல்லும். டி.ஏ.பி. எண் மட்டும் இரு மடங்காக எகிறி நிற்கும்.

இதன் தொல்லை அலகு. ஒரு நிறுவனம் கிரே சதுர சென்டிமீட்டரில் காட்டும், இன்னொன்று சென்டிகிரே சதுர சென்டிமீட்டரில், மற்றொன்று மைக்ரோகிரே சதுர மீட்டரில். பின்னிரண்டும் ஒன்றே. முதலாவது அவற்றைப் போல நூறு மடங்கு. டெசிகிரே காட்டும் இயந்திரமும் உண்டு, அதில் பத்து மடங்கு. மாதாந்திர அறிக்கையில் ஒரு அறை மற்ற அறையைவிட நூறு மடங்கு கதிர்வீச்சு கொடுப்பதாகத் தெரிந்தால் பதறுமுன் அலகைப் பாருங்கள்.

எனவே எக்ஸ்ரே அறைக்கு என் தீர்ப்பு: புதிய டி.ஆர். (டிஜிட்டல் எக்ஸ்ரே) அறையில் டி.ஏ.பி. எண் ஏற்கெனவே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதையே எழுதுங்கள். பழைய அறைக்குக் கணக்கு போதும். தனியாக மீட்டர் வாங்கத்தான் வேண்டுமென்றால் பேரியம் பரிசோதனை, கருக்குழாய்ப் படம், சிறுநீர்ப்பாதைப் படம் எடுக்கும் ஃபுளோரோஸ்கோபி (நேரலை எக்ஸ்ரே) அறைக்கு வாங்குங்கள். அங்கே புலம் நகர்ந்துகொண்டே இருக்கும், கே.வி. தானாக மாறும், கணக்குப் போட வழியே இல்லை.

கேத் லேப்: நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம்

இதய ஆஞ்சியோ அறிக்கைகளில் "ஃபுளோரோ நேரம் 14 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கும். டோஸ் அளவீடு என்ற பெயரில் பல மருத்துவமனைகளிடம் இருப்பது இது ஒன்றுதான். இருப்பதிலேயே பயன் குறைந்த எண்ணும் இதுதான். பதிவாகும் சினி ஓட்டங்கள் அதில் சேராது. ஒரு ஃப்ரேமுக்கு சினி தரும் டோஸோ ஃபுளோரோவைப் போலப் பல மடங்கு. ஒல்லியான இளைஞருக்கும் 100 கிலோ நீரிழிவு நோயாளிக்கும் 14 நிமிடம் ஒன்றாகாது.

திரையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. டி.ஏ.பி. அங்கேயும் வரும். ஆனால் தோலைப் பற்றிய கேள்விக்கு அது ஏமாற்றும். 200 கிரே சதுர செ.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தோலில் கதிர்ப்புலம் 20 செ.மீ. சதுரமாக இருந்தால் டோஸ் அரை கிரே, ஒன்றும் ஆகாது. ஐந்து செ.மீ. சதுரத்திலேயே அத்தனையும் விழுந்திருந்தால் 8 கிரே. தோல் சிவந்து, முடி உதிர்ந்து, சில வாரங்களில் நோயாளி தோல் மருத்துவரிடம் போய் நிற்பார். முதுகில் சதுரமாக ஒரு தழும்பு எப்படி வந்தது என்று அங்கே யாருக்கும் புரியாது.

நம்ப வேண்டியது குறிப்புப் புள்ளியில் சேர்ந்த ஏர் கெர்மா, அதாவது அந்தப் புள்ளியில் காற்றில் கணக்கிட்ட மொத்தக் கதிர்வீச்சு. சி-வடிவக் கையின் சுழல் மையத்திலிருந்து குழாயை நோக்கி 15 செ.மீ. தள்ளி ஒரு கற்பனைப் புள்ளி. நோயாளியின் தோல் அங்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டு இயந்திரம் கிரேயில் கணக்குக் காட்டும். அமெரிக்காவில் 2006 ஜூன் 10க்குப் பின் தயாரான ஃபுளோரோஸ்கோபி இயந்திரங்கள் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது விதி. எனவே அண்மையில் வாங்கிய எந்த கேத் லேபிலும் இது இருக்கும். குறைகளும் உண்டு: 35 சதவீதம் வரை பிழையை விதிகளே அனுமதிக்கின்றன, பின்சிதறல் சேராது, மேசையும் மெத்தையும் உறிஞ்சுவதும் கழியாது. மருத்துவர் வசதிக்காக மேசையைத் தாழ்த்தினால் முதுகு குழாய்க்கு அருகே போய் உண்மை டோஸ் கூடிவிடும். கையைத் திருப்பித் திருப்பி எடுத்தால் டோஸ் வெவ்வேறு இடங்களில் விழுந்து பிரிந்துவிடும். எண் அதைக் காட்டாது. இருந்தும், நடந்துகொண்டிருக்கும்போதே எச்சரிக்கக்கூடியது இது ஒன்றே. சேர்ந்த கெர்மா 5 கிரேயைத் தாண்டியவரைக் குறித்து வைத்துப் பின்தொடர வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட நடைமுறை. டெக்னீஷியன் 3 கிரேயில் ஒருமுறை, அதன்பின் ஒவ்வொரு கிரேக்கும் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும் என்று அறைவிதி வைத்துவிடுங்கள். செலவு பூஜ்யம். கோணத்தைச் சற்று மாற்ற மருத்துவருக்கு அது ஒரு நினைவூட்டல்.

கேஃப்குரோமிக் ஃபில்மை நோயாளியின் முதுகுக்கடியில் விரித்து, டோஸ் விழுந்த இடத்தில் கருமை ஏறுவதைப் பார்க்கும் முறையும் இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு என்று வரைபடம்போல் காட்டும், கண்ணுக்கும் புரியும். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் காட்டும், விலையும் ஒவ்வொரு தாளுக்கும் உண்டு. நாள்பட்ட முழு அடைப்பை நீக்கும் நீண்ட ஆஞ்சியோபிளாஸ்டிகளில் சிலவற்றுக்குப் போட்டு, இயந்திரத்தின் கெர்மா எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வாங்கலாம். அன்றாடத்துக்கு வேண்டாம்.

அறுவை அரங்கின் சி-ஆர்ம், மேமோகிராபி இரண்டையும் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். முன்னதில் டி.ஏ.பி. எண் வந்தால் அறுவைக் குறிப்பில் எழுதினால் போதும். பின்னதில் சராசரிச் சுரப்பி டோஸை இயந்திரமே ஒவ்வொரு படத்திலும் பதிக்கிறது.

நோட்டா, மென்பொருளா?

மென்பொருள் என்ன செய்யும்? டைகாம் எனும் மருத்துவப் படப் பரிமாற்ற முறையில் இயந்திரம் அனுப்பும் ஆர்.டி.எஸ்.ஆர். எனும் டோஸ் அறிக்கையைத் தானாக வாங்கி, அடுக்கி, வரைபடம் போட்டு, அளவு மீறியவற்றைச் சிவப்பில் காட்டும். நோட்டில் 20, 30 பேர். இதில் அத்தனை பேரும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. ஓபன்ரெம் இலவசம், மூலநிரலும் திறந்தது. ஆனால் சர்வர் வைத்து நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

விற்பவர் காட்டும் மாதிரித் திரையில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உண்மைத் தரவு உள்ளே வந்ததும் தெரியும் கதை. ஒரே வயிற்று ஸ்கேனுக்கு உங்கள் இயந்திரத்தில் நாலைந்து புரோட்டோகால் பெயர்கள் இருக்கும். ஒன்றில் "பிளெய்ன்", ஒன்றில் மருத்துவர் பெயர், ஒன்றில் "நியூ 2". மென்பொருள் அவற்றைத் தனித்தனிப் பரிசோதனைகளாக எண்ணும். மருந்து வந்து சேர்ந்ததா என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் கண்காணிப்புத் துண்டுகள் தனிப் பதிவாக வந்து, நீளமே இல்லாமல் பெரிய சி.டி.டி.ஐ.வால் காட்டும், சராசரி கெட்டுப்போகும். நோயாளியின் எடை பெரும்பாலும் காலியாக இருக்கும். பழைய சி.டி.யோ ஆர்.டி.எஸ்.ஆர். அனுப்பாது, டோஸ் பக்கத்தைப் படமாக மட்டும் பேக்ஸுக்கு (படங்களைச் சேமிக்கும் கணினி அமைப்பு) அனுப்பும். எக்ஸ்ரேயில், சரியில்லை என்று ரேடியோகிராபர் அழித்த படம் பேக்ஸுக்கே போகாததால் படத்தலைப்பிலிருந்து டோஸை எடுக்கும் மென்பொருளுக்கு அது நடந்ததே தெரியாது. நோயாளிக்கு அந்தக் கதிர்வீச்சு போய்விட்டது.

இதைச் சுத்தம் செய்ய வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க ஒருவர் இருந்தால் மென்பொருள் வாங்குங்கள். இல்லாவிட்டால் எக்ஸெல் தாளே மேல். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முக்கியப் பரிசோதனைக்கும் 30 பேரின் வயது, எடை, சி.டி.டி.ஐ.வால், டி.எல்.பி., உருளை அளவு, கட்டங்களின் எண்ணிக்கை எழுதினால் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். ஐந்தாறு ஸ்கேனர்கள் உள்ள குழும மருத்துவமனைக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே மென்பொருள் இல்லாமல் முடியாது.

அறிக்கையில் மில்லிசீவர்ட், அதாவது முழு உடலுக்கான பாதிப்பு வாய்ப்பைக் கணக்கில் எடுக்கும் அலகு, அச்சடிப்பதா என்று அடுத்த கேள்வி வரும். டி.எல்.பி. 450ஐ வயிற்றுக்கான 0.015ஆல் பெருக்கினால் 6.75 மில்லிசீவர்ட் வந்துவிடும், மென்பொருளும் அதைச் செய்யும். அந்தப் பெருக்கெண் ஆணும் பெண்ணும் கலந்த ஒரு கற்பனை உடலுக்கானது. பரிசோதனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும் கொள்கை வகுக்கவும் உதவும். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் 62 வயதுக்காரரின் புற்றுநோய் வாய்ப்பைச் சொல்லாது. அறிக்கையில் சி.டி.டி.ஐ.வாலும் டி.எல்.பி.யும் இருக்கட்டும். மில்லிசீவர்ட்டை அச்சடித்தால் அது வாட்ஸ்அப்பில் சுற்றி, தேவையான அடுத்த ஸ்கேனை யாரோ ஒருவர் தவிர்ப்பதில் போய் முடியும்.

முன்பு சொன்ன கர்ப்பிணியின் கேள்விக்கும் இந்தப் பதிவேடு கைகொடுக்கும். சி.டி.டி.ஐ.வால், உடல் அளவு, எந்த உயரத்திலிருந்து எதுவரை ஸ்கேன் ஆனது என்ற விவரம் இருந்தால் ஒரு மருத்துவ இயற்பியலாளர் கருவுக்குப் போன டோஸை அன்றே மதிப்பிட்டுவிடுவார். ஒரு கட்ட வயிற்று ஸ்கேனில் அது பொதுவாகச் சில பத்து மில்லிகிரேக்குள் அடங்கும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2000இல் தன் 84ஆம் வெளியீட்டில், 100 மில்லிகிரேக்குக் குறைந்த கரு டோஸைக் கருக்கலைப்புக்குக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவேடு இல்லாத மருத்துவமனையில் அந்தப் பெண்ணிடம் "எதற்கும் கலைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று, புதிய இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு. ஆர்.டி.எஸ்.ஆர். அனுப்பும் வசதி கொட்டேஷனில் தனி உரிமமாக, விருப்பத் தேர்வுப் பட்டியலில் ஒளிந்திருக்கலாம். கொள்முதல் ஆணையிலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்; டி.ஏ.பி. எந்த அலகில் வரும், குழந்தைகளுக்கு எந்த உருளை, அழிக்கப்பட்ட படத்தின் டோஸ் பதிவாகுமா என்பதற்கும் எழுத்துப்பூர்வமான பதில் வாங்குங்கள். இயந்திரம் நிறுவி முடிந்து கடைசித் தவணையும் போன பிறகு இதே கேள்விகளைக் கேட்டால், பதிலுக்குப் பதில் இன்னொரு கொட்டேஷன்தான் வரும்.